ஏழடி வழி

எங்கள் நான்காம் சந்தில் பந்தல் போட யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. கேட்டால்தான் மரியாதைக் குறைவு. நிச்சயதார்த்தம், கல்யாணம், பேரனுக்கு மொட்டை, புதுக் கார், பழைய காருக்குப் புது எஞ்சின், எதுவானாலும் முதல் நாள் மாலை கடப்பாரை வந்துவிடும். தார்ச்சாலையில் குழி விழும், குழியில் மூங்கில் நிற்கும், சந்தின் வாய் மூடிக்கொள்ளும். மறுமுனையில் ரயில்வே மதில். ஆகவே உள்ளே இருப்பவர்கள் உள்ளே, வெளியே இருப்பவர்கள் வெளியே. இரண்டு நாள் பொறுத்துக்கொள்வோம். அடுத்த மாதம் நம் முறை வருமே.

இதற்குப் பெயர் சகிப்புத்தன்மை. எங்கள் வார்டு கவுன்சிலர் இதைப் பற்றி மைக்கில் பேசும்போது அவருக்கே கண் கலங்கும்.

நான், கரே, இந்தச் சந்தின் குடியிருப்போர் சங்கச் செயலாளர். ஆறு வருடத்தில் சங்கம் செய்த ஒரே வேலை, சந்து முனையில் ஒரு பலகை வைத்தது. பலகையில் சங்க நிர்வாகிகளின் பெயர்கள் இருக்கின்றன. சந்தின் பெயருக்கு இடம் போதவில்லை.

கடைசி வீட்டில் கிர்தாரி நாம்தேவ் இருக்கிறார். ரயில்வே பார்சல் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் இரண்டும் அவருக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ். ஆறேகாலுக்கு ஆட்டோ வாசலுக்கு வரும். ஏழுக்கு அங்கே இல்லாவிட்டால் மெஷினை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அவரால் இருபது அடி நடக்க முடியும். வீட்டில் இருந்து சந்து முனைக்கு நூற்றெண்பது அடி.

அந்தப் புதன்கிழமை மாலை கடப்பாரைச் சத்தம் கேட்டதுமே அவர் மனைவி ஹேம்லதா என் வாசலுக்கு வந்துவிட்டார்.

"கரே அண்ணே, நாளைக்கு வியாழன்."

"தெரியும் தங்கச்சி."

"பந்தல்ல ஒரு ஓரமா ஏழடி விடச் சொல்லுங்க. ஆட்டோ போயிட்டு வந்தா போதும். நீங்கதானே செயலாளர்?"

பந்தல் போட்டவர் படேரியா. மாநகராட்சியில் ஆக்கிரமிப்பு அகற்றும் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். தெருவை அடைக்கும் தள்ளுவண்டிக்காரர்கள் அவர் ஜீப் சத்தத்தை அரை மைல் தள்ளியே அடையாளம் கண்டு ஓடுவார்கள். அவருடைய பணி ஓய்வு விழாவுக்குத்தான் சந்தின் இந்தச் சுவரில் இருந்து அந்தச் சுவர் வரை பந்தல்.

நான் போனபோது அவர் சோபாக்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

"ஏழடியா? அண்ணே, ஏழடி விட்டா முதல் வரிசை சோபா எங்க போகும்? கவுன்சிலரை பிளாஸ்டிக் நாற்காலியிலயா உக்கார வைக்கறது?"

"ஆஸ்பத்திரி விஷயம் பாருங்க..."

"ஆஸ்பத்திரியா? உங்க பொண்ணு கல்யாணத்துக்கு மூணு நாள் அடைச்சீங்களே. எங்கம்மா கண்ணுல ஆபரேஷன் பண்ணிட்டு, கட்டோட, உங்க பூரி அடுப்புக்கு நடுவுல நடந்து வந்தாங்க. நான் ஒரு வார்த்தை பேசினேனா?"

பேசவில்லை. அதோடு நாலு தட்டு சாப்பிட்டுவிட்டும் போனார். என் வாயில் இருந்த வாதங்களெல்லாம் அந்தப் பூரி எண்ணெயில் விழுந்து பொரிந்தன.

என் முகத்தைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. தோளில் கை போட்டார். "கிர்தாரி நம்ம ஆளுண்ணே. அவர் ஏன் நடக்கணும்? தூக்கிட்டுப் போறோம்! நானே தோள் குடுக்கறேன். இதுக்குக்கூட உதவலைன்னா நாமெல்லாம் எதுக்குப் பக்கத்து வீடு?"

நல்ல மனிதர்தான். அதில்தான் சிக்கலே. கெட்டவர்களோடு சண்டை போடலாம்.

வியாழன் காலை ஆறு மணிக்கே சந்து முழுக்க விழித்துவிட்டது. குப்பை வண்டி மணியடித்தால் வெளியே வராதவர்களெல்லாம் குளித்து, தலைவாரி வந்திருந்தார்கள். விழா நாயகருக்கென்று வாடகைக்கு எடுத்திருந்த சிவப்பு வெல்வெட் நாற்காலியைப் படேரியா கொண்டுவரச் சொன்னார். கிர்தாரியின் எடை நாற்பத்தாறு கிலோ. அந்த நாற்காலி அவரைவிடக் கனம். இரண்டையும் தூக்கப் பன்னிரண்டு பேர்.

"பாத்து! பாத்து! இடது பக்கம் இறக்குங்க!"

"எந்த இடதுய்யா? உன் இடதா என் இடதா?"

"ஒரு நிமிஷம் நில்லுங்க, போட்டோ சரியா விழல. படேரியாண்ணே, கையை நாற்காலி மேல வைங்க. கிர்தாரி அண்ணே, கொஞ்சம் சிரிங்க."

கிர்தாரி சிரித்தார். கேட்டால் சிரிக்கிறவர் அவர்.

முதல் கயிறுக்குக் கீழே நாற்காலி நுழையவில்லை. சாய்த்தார்கள். கிர்தாரி சரிந்தார். நிமிர்த்தினார்கள். யாரோ ஒரு தட்டில் அவலும் ஜிலேபியும் நீட்டினார்கள். "வெறும் வயித்துல போகாதீங்கண்ணே." அவருக்கு உப்பும் ஆகாது, தண்ணீர்கூட அளந்துதான் என்று ஹேம்லதா சொன்னார். "ஒரே ஒரு ஜிலேபி அண்ணி, மனசு நோகும்" என்றது தட்டு. சமையல் மேடையருகே மூன்று பேர் ஓய்வெடுக்க, வேறு மூவர் தோளை மாற்றினார்கள். மாற்றியவர்களும் போட்டோ கேட்டார்கள். ஹேம்லதா கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார். நூற்றெண்பது அடி நடக்க இருபத்தெட்டு நிமிடம்.

ஆட்டோ கிளம்பியபோது கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கை தானாக எழும்பிவிட்டது.

அவர்கள் போய்ச் சேரும்போது ஏழு பத்து. மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். மாலை நாலு மணிக்குத்தான் இடம் கிடைத்தது. அதுவரை தாழ்வாரத்துப் பெஞ்சில் கிர்தாரி மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதை நான் பிறகுதான் அறிந்தேன். அன்று பகல் முழுக்க எங்கள் சந்து வாட்ஸ்அப் குழுவில் அந்தப் போட்டோதான் ஓடியது. நாற்காலியும் படேரியாவும் தெளிவாக விழுந்திருந்தார்கள். கிர்தாரியின் முகத்தை யாரோ ஒருவரின் முழங்கை மறைத்திருந்தது.

விழாவில் கவுன்சிலர் அந்தப் போட்டோவைப் பற்றியே பேசினார். "வெளிநாட்டுல பக்கத்து வீட்டுக்காரன் பேர்கூடத் தெரியாது. இங்க பாருங்க, அண்டை வீட்டான் சுமையைத் தோள்ல சுமக்கறோம்!" பன்னிரண்டு பேருக்கும் சால்வை. தூக்கியவர்கள் பன்னிரண்டு, சால்வைக்கு வந்தவர்கள் பத்தொன்பது.

சிகிச்சை முடிந்து இரவு எட்டரைக்கு ஆட்டோ முனையில் வந்து நின்றபோது படேரியா மைக்கிலேயே கூப்பிட்டார். "நம்ம கிர்தாரி வந்துட்டார்! தோள் குடுக்கறவங்க வாங்க!"

ஹேம்லதா ஆட்டோவின் குறுக்கே கையை வைத்தார். "யாரும் தூக்க வேணாம். அந்த ஓரத்துக் கம்பை எடுங்க."

"விழா நடக்குது அண்ணி..."

"எடுங்க."

ஆட்டோவுக்குள் இருந்து கிர்தாரியின் குரல்தான் முதலில் வந்தது. "விடு ஹேமா. ஒரு நாள்தானே. நல்ல காரியம் நடக்கற இடத்துல..."

பந்தல்காரர் ஷகூர் பாய் ஜிலேபித் தட்டோடு ஓரமாக நின்றிருந்தார். தட்டை வைத்துவிட்டு, வேட்டியில் கை துடைத்து வந்தார். ஒரு முடிச்சு அவிழ்த்தார். இரண்டு கம்புகளை உருவினார். துணியை மேலே சுருட்டினார். ஆட்டோ உள்ளே போனது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையில் இருந்து தலைகூடத் தூக்கவில்லை. நான்கு நிமிடம்.

"இவ்வளவு சுலபமா பாய்?" என்றேன்.

"ரெண்டு கம்பு சார். நேத்தே சொல்லியிருந்தா அதை நடாமயே விட்டிருப்பேன். எங்கிட்ட யாரும் சொல்லலையே."

முந்தின நாள் அந்தக் கம்புக்குக் குழி தோண்டியபோது பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நான் பேசியது சோபாக்காரரிடம்.

ஞாயிற்றுக்கிழமை ஹேம்லதா ஒரு காகிதத்தோடு வந்தார். காவல் நிலையத்துக்கும் மாநகராட்சிக்கும் மனு. யார் பந்தல் போட்டாலும் ஏழடி வழி விட வேண்டும். கீழே செயலாளர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். திங்கள் மாலை எங்கள் சந்து ரைக்வார் வீட்டுப் பந்தல், மறுநாள் மகனுக்குக் கல்யாணத்துக்கு முந்தைய திலகச் சடங்கு. செவ்வாய் காலை டயாலிசிஸ்.

மாசியில் என் இளைய மகனுக்கு நிச்சயம் வைத்திருந்தேன். மண்டபம் பார்க்கவில்லை. சந்து இருக்கையில் மண்டபம் எதற்கு?

"தங்கச்சி, போலீஸ் கீலீஸ்னு போனா சந்து ஒற்றுமை கெட்டுடும். அடுத்த கூட்டத்துல வைக்கறேன். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்க."

அவர் காகிதத்தை நாலாக மடித்தார். "பொறுத்துக்கன்னுதான் அவரும் சொல்றாரு. அவருக்கு உடம்பு முடியல. உங்களுக்கு என்னண்ணே வந்துச்சு?"



திங்கள் மாலை கடப்பாரை வந்தபோது ஹேம்லதா தன் வீட்டுக் கயிற்றுக் கட்டிலை இழுத்துவந்து சந்து ஓரத்தில் போட்டு, குழி விழ வேண்டிய இடத்தில் உட்கார்ந்துவிட்டார். ரைக்வார் கெஞ்சினார். அவர் மனைவி "சுப காரியத்துல இப்படியா அக்கா" என்று கண்ணைத் துடைத்தார். படேரியா, ஆக்கிரமிப்பு நிபுணர் என்ற முறையில், "பொது வழியில கட்டில் போடறது சட்டப்படி குத்தம்" என்று விளக்கினார்.

நான் வீட்டுக்குள் இருந்து ஜன்னல் வழியாகக் கால் மணி நேரம் பார்த்தேன். பிறகு செய்தித்தாளை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தேன். வீரமெல்லாம் இல்லை. அந்தக் கேள்வி வீட்டுக்குள் இருக்கவிடவில்லை.

"கரே அண்ணே, நீங்களுமா?" என்றார் ரைக்வார்.

"முழங்கால் வலி. கொஞ்சம் உக்காந்திருக்கேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஏழடி வலிக்குது."

ஷகூர் பாய் எங்களைப் பார்த்தார், ரைக்வாரைப் பார்த்தார், கம்பைத் தள்ளி நட்டார். ஏழடி வழி கிடைத்தது. சந்தின் வரலாற்றில் முதல்முறை. அன்றிரவு ரைக்வார் வீட்டு முதல் நாள் விருந்தில் எனக்குப் பரிமாறியவர்கள் பூரியைத் தட்டில் போடவில்லை, எறிந்தார்கள். ஆனாலும் நன்றாகத் தூங்கினேன்.

காலை ஆறு மணிக்கு ஹேம்லதா கதவைத் தட்டினார். வழிப்பக்கம் கை காட்டினார்.

நாங்கள் வாங்கிய ஏழடியில் இந்த முனையில் இருந்து அந்த முனை வரை ஸ்கூட்டர்கள். பதினொன்று. எல்லாம் ஹேண்டில் பூட்டியவை. விருந்துக்கு வந்து தங்கியவர்கள், பந்தலால் வாசல் அடைபட்டவர்கள், எல்லோர் கண்ணுக்கும் அகலமாக, காலியாக, சுத்தமாக ஓர் இடம் தெரிந்திருக்கிறது.

வீடு வீடாகக் கதவைத் தட்டினோம். "பச்சை ஸ்கூட்டி யாருது?" "ஏங்க, அந்த நீலம் உங்க மச்சானுதா?" பல் துலக்கும் பிரஷோடு ஒருவர் வந்தார். "ரெண்டு நிமிஷம் அண்ணி." சாவி தேடினார். சாவி மாப்பிள்ளையிடம், மாப்பிள்ளை மாடியில், மாடி உள்பக்கம் தாழ். ஒருவர், "முதல்லயே வண்டி நிறுத்தாதீங்கன்னு ஒரு பலகை வெச்சிருக்கலாமே செயலாளரே" என்று என்னைக் கடிந்துகொண்டார். சாவி கிடைக்காத மூன்றை நாங்களே பின்சக்கரத்தைத் தூக்கி நகர்த்தினோம். சந்து முனையில் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. ஆறே முக்கால்.

கடைசியில் ஒன்று பாக்கி. ஆட்டோவுக்குச் சரியாகக் குறுக்கே, சாம்பல் நிறம், கனமான பழைய வண்டி.

"இது யாருது?" என்றார் ஹேம்லதா.

நான் வீட்டுக்குள் போய் ஆணியில் இருந்து சாவியை எடுத்து வந்தேன். முந்தின மாலை கட்டிலை விட்டு எழுந்து கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பியபோது என் வாசலில் ரைக்வார் வீட்டு அண்டாக்கள் இருந்தன. வண்டியை எங்கேதான் விடுவது?

நான் வண்டியைத் தள்ளினேன். ஆட்டோ உள்ளே போய், அவர்களை ஏற்றிக்கொண்டு, என்னைக் கடக்கும்போது ஒரு கணம் வேகம் குறைந்தது. ஹேம்லதா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழுக்குப் போய்ச் சேர முடியாது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

கிர்தாரி தலையை வெளியே நீட்டினார். உதடு வெளுத்திருந்தது.

"பரவாயில்லண்ணே," என்றார்.