தீப்பெட்டிக்கு ஆள் இருக்கு

வண்டிக்காரர்களும் வீட்டில் இருப்பவர்களும் பேசிக்கொள்ளும் எங்கள் ரேடியோ சேனலில் யாரும் சொந்தப் பெயரில் பேசுவதில்லை. ஆளுக்கொரு பட்டப்பெயர். ஒருவர் பெயரை இன்னொருவர் எடுக்கக் கூடாது. ஆள் இல்லாமல் போனாலும், வீட்டார் மைக்கில் வந்து "விட்டுட்டோம்" என்று சொல்லும்வரை அது அவர் பெயர்தான்.

என் மனைவி தீப்பெட்டி. ஆள் சின்னது, உரசினால் பற்றிக்கொள்வாள். நான் ஈரவிறகு. எங்கள் ஜோடிப் பொருத்தத்தைச் சேனலே கிண்டல் செய்தது.

முதலில் அவள் எனக்கு வெறும் குரல். ஐந்து நிமிடம் பேசினால் ஒரு நிமிடம் சும்மா இருக்க வேண்டும், மற்றவர்களுக்கு வழிவிட. அந்த நிமிடம் முழுக்க மைக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். தானும் அப்படித்தான் இருந்ததாகக் கல்யாணத்துக்குப் பிறகு சொன்னாள். நடுவில் யாராவது புகுந்தால், "வந்துடுச்சு கரடி" என்று முணுமுணுப்பாளாம்.

அவள் இறந்துபோன பிறகு நான் மைக்கைத் தொடவில்லை. ரேடியோ மட்டும் சமையலறை அலமாரியில் ஓடிக்கொண்டிருக்கும்.

நேற்றுக் காலை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். புதுக் குரல் ஒன்று வந்தது. பால் வேன் ஓட்டும் பெண்.

"அண்ணே, எனக்குத் தீப்பெட்டின்னு பேர் வெச்சுக்கறேன். நம்ம வண்டி சைஸ் அப்படி."

பழுதான வண்டிகளை இழுத்துப்போகும் கொக்கி அண்ணன்தான் பேசினார்.

"அது வேணாம்மா. ஆள் இருக்கு."

"யாருண்ணே? நான் வந்ததுலேருந்து அந்தப் பேர்ல ஈ காக்கா பேசலையே?"

"இருக்குன்னா இருக்கு. நீ பால் டப்பான்னு வெச்சுக்கோ."

"கொக்கின்னு பேர வெச்சுக்கிட்டு நீங்க என்னை நக்கல் பண்றீங்களா?"

என் மனைவியும் இப்படித்தான் எகிறுவாள். கையைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தேன்.

"பிரேக்," என்றேன். குறுக்கே பேச அனுமதி கேட்கும் சொல்.

"டேய், ஈரவிறகு! நீயா?" கொக்கி அண்ணன் குரல் கரகரத்தது. "சொல்லுடா தம்பி."

விட்டுட்டோம் என்று சொல்லத்தான் எடுத்தேன். வாய் வரவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் அவகிட்டயே இருக்கட்டும்ணே."

பிறகு அந்தப் பெண் பேசினாள்.

"எனக்குத் தெரியாதுண்ணே. இருக்கட்டும். நான் பால் டப்பாவாவே இருந்துட்டுப் போறேன்."

பொத்தானை விட்டேன். மைக்கைக் கீழே வைக்கவில்லை. சேனல் ஒரு நிமிடம் சும்மா இருந்தது.

ஒரு கரடியும் வரவில்லை.