நான் அவரைப் பார்த்தேன்

சபைக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், குழு அறையின் பின்சுவரை ஒட்டி இருந்தது மொழிபெயர்ப்பாளர்களின் கண்ணாடிக் கூண்டு. இரண்டு நாற்காலி, இரண்டு மைக், ஒரு தண்ணீர்க் குடுவை. ஒருவர் பெருமூச்சு விட்டால் மற்றவர் காது சுடும். அவள் அங்கே ஒரு மொழிபெயர்ப்பாளர். அவளோடு அதில் உட்காருகிறவரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். மைக்கில் பேசிச் சம்பாதிப்பது போதாதென்று, மைக் அணைந்த பிறகு இலவசமாகவும் பேசுவார்.

அன்று காலையிலிருந்து ரேடியோ வாயே திறக்கவில்லை.

அவள் பிறந்த நாட்டின் தூதர் குழுவின் முன் வரப்போகிறார். அங்கே அரசை எதிர்த்துப் பேசியவர்களை உள்ளே தள்ளுவதைக் கண்டித்துத் தீர்மானம் போட உறுப்பினர்கள் கூடியிருந்தார்கள். அதற்கு முன் தூதர் தரப்பையும் கேட்டுவிடலாம் என்று அழைத்திருந்தார்கள். உள்ளே தள்ளப்பட்டவர்களில் ஒருவன் அவளுடைய தம்பி. பள்ளிக்கூட வாத்தியார். தன் வகுப்பில் காணாமல் போன பிள்ளைகள் எங்கே என்று நடுத்தெருவில் நின்று கேட்டவன். போன வருஷம் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. அம்மா சிறை வாசலுக்குக் கொண்டுபோன துணிமணியை, அப்படி யாரும் இங்கே இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இருக்கிறானா, இல்லையா? ஃபோனில் அம்மா எதைப் பேசினாலும் அடியில் அந்தக் கேள்விதான் கிடந்தது.

“நீ வேணா லீவு போட்டுடும்மா. நான் ஒருத்தனே சமாளிச்சுக்கிறேன்” என்று ரேடியோ முந்தின நாளே சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. அந்த அரசாங்கத்தின் வாயிலிருந்து தம்பியைப் பற்றி ஒரு சொல் விழுவதாக இருந்தால், அது இந்த அறையில்தான் விழும்.

அவர்கள் தொழிலுக்கு ஒரு விதி உண்டு. பேசுகிறவர் ‘நான்’ என்றால் மொழிபெயர்க்கிறவரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று ஒதுங்கி நிற்கக் கூடாது. பழகியவர்களுக்கு அது சட்டை மாற்றுவது போலத்தான். அன்று அந்தச் சட்டை அவளுக்கு உடம்பெல்லாம் அரித்தது.

தூதருக்குத் தேன் தடவிய குரல். தங்கள் நாட்டில் கருத்துக்காக யாரும் சிறையில் இல்லை என்றார். அவளும் சொன்னாள். ‘எங்கள் நாட்டில்’ என்றே சொன்னாள், குரல் பிசகாமல்.

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். தம்பியின் பெயரை முழுதாகச் சொல்லி, “அந்த ஆசிரியர் உயிரோடு இருக்கிறாரா?” என்று கேட்டார்.

தூதர் சிரித்தார். போன வாரம் சிறையைப் பார்வையிடப் போயிருந்ததாகச் சொன்னார். பிறகு சாவகாசமாக, “நான் அவரைப் பார்த்தேன்” என்றார்.

கூண்டு ஊமையானது. உறுப்பினர்கள் ஹெட்போனைத் தட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேர் திரும்பிக் கூண்டையே பார்த்தார்கள். ரேடியோவின் கை மைக் பொத்தானை நோக்கி நீண்டது. அவள் அதைத் தடுத்தாள். பார்த்தேன் என்று சொல்லத் தூதரின் நாக்குக்கு என்ன கஷ்டம்? இல்லாத ஆளைக்கூடப் பார்த்ததாகச் சொல்லலாம்.

“நான் அவரைப் பார்த்தேன்” என்றாள் மைக்கில்.

தூதருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. “சித்திரவதை என்கிறீர்கள். அந்த மனிதர் டீயில் ஆடை மிதந்தால் தொடுவதில்லை. திருப்பி அனுப்பிவிடுகிறார். காவலர்கள்தான் பாவம், என்னிடம் புகார் சொல்லி அழுகிறார்கள்.”

அந்தக் கேலி கொஞ்சமும் சிந்தாமல் அவள் எடுத்துச் சொன்னாள். அறையில் ஓரிருவர் சிரித்துவிட்டுச் சங்கடத்தோடு நிறுத்தினார்கள். தம்பி தவழ்ந்த நாளிலிருந்தே அப்படி. நூலளவு ஆடை மிதந்தாலும் தம்ளரைத் தள்ளி வைப்பான். அம்மா வடிகட்டி, திட்டி, மறுபடியும் வடிகட்டித் தருவாள். இதையெல்லாம் எந்த அதிகாரி இட்டுக்கட்டுவான்? போன வாரம் தம்பி உயிரோடு இருந்திருக்கிறான். வேண்டாம் என்று சொல்லத் தெம்போடு இருந்திருக்கிறான்.

தலைவி தீர்மானத்தை வாசிக்க எழுந்தபோது ரேடியோவின் முறை வந்தது. அவள் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.

“இதை நானே சொல்லிடறேன், அண்ணே.”

ரேடியோ தன் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, அவள் பக்கமாகத் தண்ணீர்க் குடுவையை நகர்த்தினார்.

அவள் தாய்மொழியில், தூதரின் காதுக்குள் சொன்னாள்: “இந்த அடக்குமுறையை நாங்கள் வன்மையாகக் கண்டிக்கிறோம். சிறையில் இருப்பவர்களை உடனே விடுவிக்க வேண்டும் என்கிறோம்.” தம்பி தெருவில் நின்று கேட்டது இதைவிடக் கம்மி. உறுப்பினர்கள் அத்தனை பேர் கையும் உயர்ந்தது. தூதர் பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். இந்தக் கைகளுக்காக அங்கே நாளைக்கே கதவு திறந்துவிடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் தீர்மானத்தின் கடைசி வரிவரை சொல்லிவிட்டுத்தான் மைக்கை அணைத்தாள்.

நடைக்கூடத்துக்கு வந்து அம்மாவுக்கு ஃபோன் போட்டாள். ஒட்டுக்கேட்கிறார்கள் என்று இருவருக்கும் தெரியும். அதனால் எப்போதும் மழை, முழங்கால் வலி, அவ்வளவுதான் பேச்சு.

“அம்மா, தம்பி இன்னும் டீயில ஆடை மிதந்தா குடிக்க மாட்டேங்கிறானாம். போன வாரம்கூடத் திருப்பி அனுப்பிட்டானாம்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“கொழுப்பு. அங்க யாரு இவனுக்கு வடிகட்டித் தருவாங்கன்னு நெனப்பு? போன எடத்துலயாவது வாய மூடிக்கிட்டுக் கொடுத்ததக் குடிக்கிறானா பாரு…”

போன வருஷத்திலிருந்து அம்மா யாரையும் திட்டிக் கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று அவள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.