பொய்ப் பொட்டு

ஆண்டுக்கு ஒரு நாள் சாயங்காலம் அந்தத் தெருவில் வண்டி ஓடாது. இரண்டு முனையிலும் தடுப்பைப் போட்டுவிட்டு, தெருவிலுள்ள ஓவியக் கேலரிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஊருக்கு விருந்து வைப்பார்கள். விருந்து என்றதும் நாக்கைத் தீட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம். வாசலில் ஒரு மேசை, மேசையில் பழச்சாறு, பழச்சாற்றில் முக்கால்வாசி தண்ணீர், தட்டில் பிஸ்கட். அதைத் தின்றுவிட்டு உள்ளே போய், சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்துத் தலையை ஆட்ட வேண்டும். தலையாட்டாமல் பிஸ்கட்டை மட்டும் தின்றுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் அவர்கள்தான் யோக்கியர்கள் என்பேன்.

தையல்காரி வருஷம் தவறாமல் வருவாள். முனையில் இருக்கிற சின்ன கேலரி அவள் தம்பியுடையது. அதில் கடைசிச் சுவரில், கழிவறைக் கதவை ஒட்டி, அவள் வீட்டுக்காரர் வரைந்த படம் ஒன்று வருஷா வருஷம் தொங்கும். அக்கா புருஷன் ஆயிற்றே, மாட்டாமல் இருக்க முடியுமா? வருஷா வருஷம் அது விற்காமல் வீட்டுக்குத் திரும்பி வரும். இந்த வருஷம் விற்றுவிடக் கூடாதே என்ற ஒரே வேண்டுதலோடுதான் அவள் வந்திருந்தாள்.

கட்டின புருஷன் படம் விற்கக் கூடாது என்று ஒரு பொம்பளை வேண்டுவாளா என்று கேட்பீர்கள். அவள் வீட்டு நடையைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற இடம். அங்கேதான் அவள் தையல் மெஷின். பக்கத்தில் துணி துவைக்கிற மெஷின், அதற்கும் அப்பால் ஒரு திரை. அளவு பார்க்க வருகிறவர்கள் அந்தத் திரைக்குப் பின்னால் நின்று உடை மாற்ற வேண்டும். வீட்டிலேயே பெரிய அறை, இரண்டு ஜன்னல் வைத்த முன்னறை, ஓவியருடையது. கல்யாணமான நாளிலிருந்து காலையில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார். அவர் கவனம் கலையக் கூடாது என்று பிள்ளைகள் நுனிக்காலில் நடப்பார்கள், இவள் மெஷின் பெடலைப் பாதிதான் மிதிப்பாள். முழுசாக மிதித்துத் தைத்த நாளே அவளுக்கு ஞாபகம் இல்லை.

போன மாதம் ஒரு கல்யாணப் பெண் கவுனைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, துவைக்கிற மெஷின் குழாய் பிடுங்கிக்கொண்டு தண்ணீரைக் கக்கிவிட்டது. வெள்ளை கவுன் முழங்கால் வரை நுரை. பெண் அழவில்லை, அவள் அம்மாதான் அழுதாள். அவர்கள் போன பிறகு தையல்காரி நேராக முன்னறைக் கதவுக்கு முன்னால் போய் நின்று, இந்த வீட்டில் ஒன்று அந்த அறை எனக்கு வேண்டும், இல்லாவிட்டால் நான் என் மெஷினைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்று கத்தினாள். கதவு விரலளவு திறந்தது. பந்தயம் கட்டினவர் ஓவியர்தான். கேலரி விருந்தன்று விளக்கணைக்கிற நேரத்தில் தன் படத்துக்குக் கீழே சிவப்புப் பொட்டு இருந்தால் அறை தன்னுடையது, இல்லாவிட்டால் அவளுடையது என்றார். சொன்ன கையோடு கதவைச் சாத்திக்கொண்டார். இத்தனை வருஷம் கல்லுளிமங்கனாக இருந்த மனுஷன் இவ்வளவு சுலபமாக இறங்கி வருகிறாரே என்று அவள் யோசித்திருக்க வேண்டும். கோபத்தில் இருக்கிறவளுக்கு யோசனை எங்கே வரும்?

சிவப்புப் பொட்டு என்றால் படம் விற்றுவிட்டது என்று அர்த்தம். படத்துக்குக் கீழே பெயர் எழுதி ஒட்டியிருக்கும் சீட்டில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டத்தை ஒட்டுவார்கள். அந்தத் தெருவில் இதற்கு இன்னொரு பழக்கமும் உண்டு. விருந்தன்று கதவைத் திறக்கும் முன்பே ஒன்றிரண்டு படங்களுக்குக் கேலரிக்காரர்களே பொட்டு வைத்துவிடுவார்கள். யாரோ வாங்கிவிட்டார்கள் என்று தெரிந்தால்தானே அடுத்தவனுக்குக் கை அரிக்கும்! அதற்குப் பெயர் பொய்ப் பொட்டு. தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஓவியர்களுக்கு மட்டும் தெரியாது, தெரிந்தால் ஆளாளுக்கு ஒன்று கேட்பார்கள்.

அன்று தெருவே களைகட்டியிருந்தது. எதிர் கேலரியில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருக்கிற வீடியோவை இருட்டில் போட்டு, கும்பல் கும்பலாக நின்று பார்த்தார்கள். தங்கள் வீட்டில் குழாய் சொட்டினால் வாய்க்கு வந்தபடி திட்டுகிறவர்கள்தான் அத்தனை பேரும். பக்கத்துக் கேலரியில் கால் வலித்த ஒரு பெரியவர் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். அதுதான் அந்தக் கேலரியின் கலைப்படைப்பாம். எழுந்திருக்கச் சொன்னதற்கு, பிறகு எதற்கு நாற்காலி மாதிரி செய்து வைத்தீர்கள் என்று சண்டைக்குப் போனார்.

தையல்காரி இதையெல்லாம் தாண்டி நேராகத் தம்பி கடைக்குள் போனாள். படம் கடைசிச் சுவரில் இருந்தது. பெயர் 'மௌனம்'. ஆள் உயரத்துக்கு ஒரே சாம்பல் நிறம். கீழ்மூலையில் மட்டும் வெள்ளையாக ஏதோ இழுவியிருந்தது. கீழே சீட்டில், பளிச்சென்று, சிவப்புப் பொட்டு.

வாங்கினது யார் என்று கேட்க அவள் தம்பியைத் தேடிப் பிடித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது.

"மாமா முகத்தப் பாத்தா பாவமா இருந்துச்சுக்கா. ஒரு வருஷமாவது பொட்டு இருக்கட்டுமேன்னு..."

"நீ எனக்குத் தம்பியா, அவருக்குத் தம்பியாடா?" என்றாள்.

பந்தயம் கட்டிய விஷயம் அவனுக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்திருக்கிறான். ஆம்பளைக்கு ஆம்பளை பரிந்துகொள்வது என்பது இதுதான். அவனோடு மல்லுக்கு நிற்க நேரமில்லை. அவள் கைப்பையில் எப்போதும் தையல் பிரிக்கிற கொக்கி ஒன்று இருக்கும். துணிக்கு ஒரு கீறல் படாமல் ஒரு முழுச் சட்டையையே பிரித்துப் போடுகிற கை. சீட்டில் சுவடே இல்லாமல் பொட்டைக் கிளப்பி எடுத்தாள். ஒரு வாய் பழச்சாறு குடித்துவிட்டுத் திரும்பி வந்தால், மறுபடியும் பொட்டு! அதையும் பிரித்தாள். அக்காவும் தம்பியும் இப்படியே கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருக்க, படத்தின் எதிரே நின்றிருந்த ஒரு பல் டாக்டர் அம்மாள் அந்தச் சீட்டையே வெறித்துப் பார்ப்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தம்பியே வந்து சிடுசிடுத்தான். வைக்க வைக்க எடுக்கிறாயே, இப்போது வைத்ததைத் திரும்பி நிற்கும் முன்னால் எடுத்துவிட்டாயே, உனக்கு ஈவு இரக்கமே கிடையாதா என்றான். அவள் திகைத்துப் போனாள். கடைசிப் பொட்டை அவள் தொடவே இல்லை. அந்நேரம் அவள் வாசலில் அந்த நாற்காலிப் பெரியவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் எடுத்தது யார்? தம்பியிடம் இன்னொரு பொட்டு வைக்கச் சொல்லிவிட்டு, கழிவறைக்குள் போய்க் கதவை ஒரு கண் அளவுக்குத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தாள். புருஷனும் பெண்சாதியும் கதவிடுக்கில் பார்த்துக்கொள்கிற குடும்பம் ஆகிவிட்டது அது.

ஓவியர் வந்தார். அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். குனிந்து செருப்பைச் சரிசெய்கிற மாதிரி பாவனை பண்ணி, கட்டைவிரல் நகத்தால் பொட்டைக் கீறி எடுத்து, பக்கத்துப் படச் சட்டத்தின் அடியில் ஒட்டினார். அங்கே ஏற்கெனவே ஒன்று ஒட்டியிருந்தது.

"என்னங்க பண்றீங்க?"

திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி நின்றார். அவள் அவர் கையைப் பிடித்து, சட்டங்கள் சாய்த்து வைத்திருந்த பின்பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.  அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு அந்த ரூம் வேணாம். அங்க உக்காந்தா கை ஓட மாட்டேங்குது. ரெண்டு வருஷமா ஒரு கோடு போடல. இந்தப் படமே பழசு, அந்த வெள்ளைய மட்டும்தான் இந்த வருஷம் பூசினேன்."

"அப்ப காலையில இருந்து ராத்திரி வரைக்கும் உள்ள என்ன பண்ணுவீங்க?"

"தூங்குவேன்."

தையல்காரிக்குக் கோபம் தலைக்கு ஏறியது. தூங்குகிற மனுஷனுக்காகவா பெடலைப் பாதி மிதித்தாள்? அவருக்காகவா பிள்ளைகள் பூனை மாதிரி நடந்தார்கள்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! இதை முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"எப்படிச் சொல்ல? எல்லாரும் அவ்வளவு மெதுவா நடக்கிறீங்க. கதவத் திறந்து, உள்ள ஒண்ணுமே இல்லன்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?" என்றார். "பந்தயத்துல தோத்தா மானத்தோட வெளிய வந்துரலாம்னு பாத்தேன். இந்த வருஷம் பாத்து எவனோ மாத்தி மாத்தி வாங்குறான்."

அவளுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பாவி மனுஷன், விற்ற படத்தையே விற்காததாக்க நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அந்த இரக்கத்தில்தான், சொல்லாமல் இருந்திருக்கலாம், சொல்லிவிட்டாள்: எவனும் வாங்கவில்லை, அத்தனையும் தம்பி வைத்த பொய்ப் பொட்டு என்று.

ஓவியரின் முகம் அப்படியே தொங்கிவிட்டது.

"ஒருத்தன் கூடவா வாங்கல?" என்றார்.

பொட்டைப் பிய்த்துப் போட்டவரே அவர்தான். இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டபோது சின்னப் பையன் மாதிரி இருந்தார். தையல்காரிக்கு அவர் மேல் இருந்த ஆசை, எந்த மூலையில் மடித்துப் போட்டிருந்தாளோ, அந்த நிமிஷம் எழுந்து வந்துவிட்டது. வாங்காதவன் எல்லாம் குருட்டுப் பயல் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தம்பி மூச்சிரைக்க ஓடிவந்தான். முன்பக்கம் ஒரே கூச்சல்.

பல் டாக்டர் அம்மாள் படத்துக்கு முன்னால் குறுக்கே நின்றுகொண்டு யாரையும் கிட்டே விடவில்லை. சாயங்காலத்திலிருந்து பார்க்கிறேன், பொட்டு வருகிறது போகிறது, ஆள் மாற்றி ஆள் இந்தப் படத்தைத் தட்டிப் பறிக்கிறார்கள், இனி யாருக்கும் விடுவதாக இல்லை என்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு கும்பலே கூடிவிட்டது. கும்பலைப் பார்த்து எதிர் கேலரியில் குழாய் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் வந்துவிட்டார்கள். நாற்காலிப் பெரியவர், தான் முதலிலேயே இந்தப் படத்தைப் பார்த்து வைத்ததாகப் புளுகினார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை தெரியும். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் வந்து நின்றதை அன்றுதான் பார்த்தார்கள்.

என் கிளினிக் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பவர்களுக்கு எதிரே இதுதான் சரி, பார்த்தால் ஒன்றுமே தோன்றாது, ஆளை அமைதியாக்கிவிடும் என்றாள் டாக்டர் அம்மாள். ஓவியர் அதைப் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டார். மற்ற அறைகளுக்கும் இதே மாதிரி இரண்டு வேண்டும் என்றதும் அவர் நெஞ்சு சட்டைக்குள் கொள்ளவில்லை. தம்பி ஒரு பொட்டை எடுத்து ஒட்டினான். இந்தத் தடவை நிஜப் பொட்டு.

அப்புறம்தான் ஓவியருக்குப் பந்தயம் நினைவுக்கு வந்தது. பொட்டு இருந்தால் அறை அவருக்கு. கும்பலுக்கு மேலே எட்டி மனைவியைத் தேடினார். இவ்வளவு பரிதாபமாக எந்த ஓவியனும் படம் விற்றிருக்க மாட்டான்.

விருந்து முடிந்து கூட்டம் கலைந்தது. வாசலில் மேசையை மடக்கினார்கள். தம்பி முன்பக்கத்திலிருந்து ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டே வந்தான். கடைசி விளக்கு படத்துக்கு மேலே. அதன் கீழே புருஷனும் பெண்சாதியும் நின்றிருந்தார்கள்.

"பேச்சுன்னா பேச்சு. லைட் அணைக்கிறப்ப பொட்டு இருக்கக் கூடாது, அவ்வளவுதான?" என்றாள் தையல்காரி.

"பிரி," என்றார் ஓவியர்.

கைப்பையிலிருந்து கொக்கியை எடுத்தாள். தம்பி, அக்கா அது நிஜம், அது நிஜம் என்று கரடியாகக் கத்திக்கொண்டிருக்கும்போதே, சுவடில்லாமல் பிரித்துத் தன் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டாள். ஓவியர் கையை நீட்டி அவரே சுவிட்சை அணைத்தார்.

மறுநாள் காலையில் மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் முன்னறை ஜன்னலோரம் இறக்கியவர் அவர்தான். அறையைக் கூட்டியபோது தலையணைகளாகவே வந்துகொண்டிருந்தன. அவள் எல்லாவற்றையும் வெயிலில் போட்டாள். நுரைக் கவுனை மறுபடி தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. துணியை ஊசிக்குக் கீழே வைத்து, பழக்கதோஷத்தில் பெடலில் பாதி அழுத்தினாள். பிறகு காலை முழுசாக வைத்து மிதித்தாள். வீடே அதிர்ந்தது.

நடையில், துவைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் முட்டியை மடக்கி உட்கார்ந்து சாம்பல் நிறம் கலக்கிக்கொண்டிருந்த ஓவியர், கொஞ்சம் மெதுவா மிதியேன், கை ஆடுது என்று குரல் கொடுத்தார்.

தையல்காரி கதவைச் சாத்திக்கொண்டாள்.