எர்லீன் அம்மாளின் கைப்பை

எர்லீன் அம்மாள் கல்லாவுக்கு முன்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பாட்டின் பெயர் தெரியாது, பாடியது யாரென்றும் தெரியாது. மெட்டு மட்டும் தேவாலயத்திலிருந்து கூடவே வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டதாம். மெம்ஃபிஸில் கறுப்பர்கள் வாழும் ஆரஞ்ச் மவுண்ட் பக்கத்து ஜனங்கள் ஹோரஸ் மேபினின் இசைத்தட்டுக் கடைக்குப் பாதி நாள் இப்படித்தான் வருவார்கள். வாய்க்குள் பாடிக் காட்டினால் போதும், மனுஷன் தட்டை உருவிக் கொடுத்துவிடுவார். அந்த அம்மாள் பாடுவது காதில் விழ வேண்டுமென்று, ஓடிக்கொண்டிருந்த தட்டையும் நிறுத்திவிட்டு ஹோரஸ் காது கொடுத்துக் கேட்டார்.

"மிஸ் எர்லீன், இது பாட்டா, இல்ல குளிர்பெட்டி உறுமுதா?" என்றான் ரோஸ்கோ. பக்கத்துக் கடை நாவிதன், வேலை இல்லாத நேரமெல்லாம் இங்கேதான் இருப்பான்.

"உன் தலையில முடி இருந்த காலத்துப் பாட்டு. உனக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது?" கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

மூன்றாம் முறை பாடியபோது ஹோரஸுக்குப் பிடிபட்டுவிட்டது. பின்கட்டு அடுக்கிலிருந்து தட்டை எடுத்து வந்தார். வேறு நாளாயிருந்தால் அந்த அம்மாள் உட்கார்ந்து ஒரு பக்கம் கேட்டுவிட்டுத்தான் போவார். அன்றைக்கு அவருடைய நாற்காலியில் நியூயார்க்கிலிருந்து வந்த வெள்ளைக்கார இளைஞன் உட்கார்ந்திருந்தான். பழைய தேவாலயப் பாட்டுத் தட்டுகளைத் தேடி ஊர் ஊராகப் போய், கடைகளைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவன். காலையிலிருந்து ஹோரஸ் அவனுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவன் தான் பொறுக்கி வைத்த தட்டுகளைப் புரட்டிவிட்டு நெற்றியைச் சுருக்கினான். "ஒண்ணு குறையுதே. கறுப்பு லேபிள் போட்ட சின்னத் தட்டு. இங்கதானே இருந்துச்சு?"

யாரையும் அவன் பார்க்கவில்லை. குனிந்து நாற்காலிக்கு அடியில்தான் தேடினான். ஹோரஸின் கண்தான் நேராக எர்லீன் அம்மாளின் பெரிய தோல் பைக்குப் போயிற்று. கண் போன வழியில் வாயும் போயிற்று.

"மிஸ் எர்லீன், தப்பா எடுத்துக்காதீங்க. கை தவறி உங்க பைக்குள்ள விழுந்திருக்கும். ஒரு தடவ பாத்துடுங்களேன்."

"ஹோரஸ்," என்றான் ரோஸ்கோ, மெதுவாக.

அந்த அம்மாள் பையைக் கல்லாமேல் வைத்தார். மூக்குக்கண்ணாடிக் கூடு, பாட்டுப் புத்தகம், காகித விசிறி, கையளவு புதினா மிட்டாய் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அடியில் மருந்துக்கடைப் பொட்டலம் ஒன்று, படம் தெரியாதபடி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதை எடுத்து, படம் மேலே இருக்கும்படி திருப்பி ஹோரஸின் முன்னால் வைத்தார். சிறுநீர் அடக்க முடியாத பெரியவர்கள் கட்டிக்கொள்ளும் துணிப்பட்டை.

"என்னோடதுதான். இதையும் பிரிச்சுக் காட்டணுமா?"

"இங்க இருக்கு," என்றது இளைஞனின் குரல். தட்டு சுழலும் பெட்டியின் மூடியைத் திறந்துகொண்டு நின்றான். ஹோரஸ் தம் கையாலேயே அவனுக்குப் போட்டுக் காட்டி, தம் கையாலேயே நிறுத்திய தட்டு. அது அங்கேயே கிடந்தது.

இளைஞன் தலையைக் குனிந்துகொண்டான். ஏனென்று ஹோரஸுக்குத் தெரியும். அன்று காலையில்தான் கடை பிறந்த கதையை அவனுக்குச் சொல்லியிருந்தார். நகரத்துப் பெரிய கடையில் வெள்ளைக்காரச் சிப்பந்தி ஒருவன் ஹோரஸின் அம்மாவைப் பையைக் கல்லாமேல் கொட்டிக் காட்டச் சொன்னான். எங்கள் பெண்களின் பையைத் திறந்து காட்டச் சொல்லி யாரும் கேட்காத ஒரு கடை வேண்டும் என்று அப்பா திறந்த கடை இது. எத்தனையோ பேருக்குச் சொன்ன கதை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்.

எர்லீன் அம்மாள் எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு, பாட்டுத் தட்டைத் தொடாமல் வெளியே போனார்.

"அந்தப் பையன் கேக்கவே இல்லையேடா," என்றான் ரோஸ்கோ. "நீயாத்தான கேட்ட."

சாயங்காலம் தட்டை எடுத்துக்கொண்டு எர்லீன் அம்மாளின் வீட்டுக்குப் போனார் ஹோரஸ். என்ன பேசுவதென்று வழியெல்லாம் யோசித்தவருக்கு வாசலில் மன்னிப்பு என்ற ஒரு சொல்தான் வந்தது. சின்ன வயதில் ஹோரஸின் மூக்கைத் துடைத்துவிட்ட கை அது, வலைக்கதவைப் பாதிதான் திறந்தது. கோபமே இல்லாத முகம்.

"உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம், மிஸ்டர் மேபின்?"

ஐம்பது வயது தாண்டிய பிறகும் ஹோரஸ் குட்டி என்றுதான் அந்த வாய் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டு வந்திருப்பார். தட்டை வாசல் பலகையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

அடுத்த சனிக்கிழமை தேவாலயப் பாடகர் குழுப் பெண்கள் சேர்ந்து வந்தார்கள். எர்லீன் அம்மாளும் வந்தார். அதைப் பார்த்ததும் ஹோரஸுக்கு மூச்சு வந்தது. நாற்காலியைத் துடைத்து முன்னால் இழுத்துப் போட்டார். அந்த அம்மாள் உட்காரவில்லை. கல்லாவுக்கு வந்து, தோளிலிருந்து பையைக் கழற்றி மேலே வைத்து, அதன் வாயைத் திறந்து வைத்துவிட்டு அடுக்குகளின் பக்கம் நடந்தார். பின்னால் வந்தவளும் அப்படியே செய்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும்.

"எடுத்துக்கிட்டுப் போங்கம்மா, வேணாம்," என்றார் ஹோரஸ். "தயவுசெஞ்சு."

யாரும் முறைக்கவில்லை. தட்டுகளைப் புரட்டினார்கள், தங்களுக்குள் பேசிச் சிரித்தார்கள். கல்லாமேல் பைகள் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றன. பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஹோரஸ் கூரையைப் பார்த்தார். வாசல் மணி அடித்தது. யாரோ ஒரு பெண், உள்ளே கால் வைப்பதற்கு முன்பே, பையின் வாரைத் தோளிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தாள்.