செம்பியின் இடது கால்

"எழுந்திரிங்கம்மா! கைய ஆட்டுங்க, கால ஆட்டுங்க!"

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணா. மொதல்ல குதிரையப் பாருங்க."

ஓடி வந்த இருசப்பனிடம் மணிமொழி மணலில் குப்புறக் கிடந்தபடியே சொன்னாள். வாயெல்லாம் மணல். பத்தடி தள்ளிச் செம்பி எழுந்து நின்று உடம்பை உதறியது. மூன்றரை வயதுப் பெட்டைக் குதிரை. சேணம் சரிந்து வயிற்றோரம் தொங்கியது. கண்ணின் வெள்ளை தெரிய ஒவ்வொருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைக்குப் பின்னால் சக்கரபாணி நடத்தும் குதிரையேற்றப் பள்ளிக்கு அவள் பயிற்சியாளராக வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. இதுவரை செம்பியை நடக்க விட்டாள், துள்ளு நடையில் விட்டாள். இன்று காலைதான் முதல்முறையாகக் கேன்டர், அதாவது தாவி ஓடும் நடை. வலப்பக்கமாகச் சுற்றியபோது ஊஞ்சலில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. இடப்பக்கமாகத் திருப்பியதும் செம்பியின் முன்னங்கால்கள் பின்னிக்கொண்டன. குதிரையும் விழுந்தது, அவளும் விழுந்தாள்.

வேலிக்கு வெளியே நின்ற சக்கரபாணி கேட்டார்.

"எடது கால்தான?"

"பாத்துட்டுச் சொல்றேன் சார்."

"பாக்க இன்னா இருக்கு? போன வருஷம் கரியனுக்கும் இதே கால்தான். இதே மாதிரி திரும்பும்போது விழுந்தான். மேல இருந்த காலேஜ் பொண்ணு கைய ஒடிச்சிக்கிச்சு. அவன ஊர்வலக் குதிரையா கீழ்பென்னாத்தூர் விமல்ராஜுக்குத் தள்ளிவிட்டேன். இதையும் அவனுக்கே குடுத்துடறேன். சாயங்காலம் வண்டி வந்துடும்."

"கல்யாண ஊர்வலத்துக்கா? பேண்டு, பட்டாசுனு காதுகிட்டயே வெடிப்பாங்க சார். குட்டி இது, பயத்துலயே செத்துடும்."

"பசங்க யாராவது இது மேல இருந்து விழுந்தா நான் செத்துடுவேன்மா."

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

மணிமொழி அந்த இடது காலைத் தோளிலிருந்து குளம்பு வரை அழுத்திப் பார்த்தாள். சூடு இல்லை, வீக்கம் இல்லை. அழுத்த அழுத்தச் செம்பி கொட்டாவி விட்டது. குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் இருசப்பன் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

"இருசப்பண்ணா, இவள நீளக் கயித்துல வெச்சிப் பழக்கினது நீங்கதான?"

"எட்டு மாசமா நான்தான். மழை பேஞ்ச அன்னிக்கிக்கூட நிறுத்தல."

"தெனம் எத்தினி சுத்து?"

"நாப்பது. ஜாஸ்தி ஆவும், கம்மி ஆவாது."

"அதுல எடப்பக்கம் எத்தினி?"

இருசப்பன் நிமிர்ந்தார். அவள் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி பார்த்தார்.

"எடப்பக்கமா?"

"ஆமா. வலம் இருபது, எடம் இருபதா?"

"இன்னாம்மா பேசறீங்க?" அவர் குரலைத் தாழ்த்தினார். "நடுவுல யாரு ஒக்காந்திருக்காருன்னு பாத்தீங்களா?"

மைதானத்தின் நடுவில் ஒரு வேப்ப மரம். அதன் அடியில் முழங்கால் உயரத்தில் பிள்ளையார். தரையைச் சமன் செய்தபோது மண்ணுக்குள் கிடைத்தவர். சக்கரபாணிதான் அங்கே வைத்துத் துண்டு கட்டினார்.

"சாமிய எடம் சுத்துவாங்களாம்மா? கொள்ளி வெக்கறப்பதான் அப்பிடிச் சுத்துவாங்க. காலங்காத்தால அவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டே நான் எப்பிடிச் சுத்த வெப்பேன்?"

"எட்டு மாசமும் வலம் மட்டுமா?"

"வலந்தான். கரியனுக்கும் வலந்தான்."

மணிமொழி செம்பியின் காலை விட்டாள். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணா, வலப்பக்கம் வளைஞ்சி தாவும்போது குதிரை வலது முன்னங்கால எட்டிப் போடணும். எடப்பக்கம் வளைஞ்சா எடது கால. இவளுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு இருக்குன்னே தெரியாது. அதான் கால் பின்னிக்கிச்சி."

"அப்போ கால்ல கோளாறு?"

"ஒண்ணும் இல்ல. கரியன் கால்லயும் ஒண்ணும் இருந்திருக்காது."

இருசப்பன் தலைத்துண்டை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"நானாம்மா பண்ணேன்?"

"நானும்தான்." அவள் கையிலிருந்த மணலைத் தட்டினாள். "ரெண்டு பக்கமும் சமமா ஓட்டணும்னு பெங்களூர்ல படிக்கறப்ப நோட்டு நோட்டா எழுதினவ. இந்த கேட்டுக்குள்ள வந்து நேத்து வரைக்கும் பன்னெண்டு நாளா வலம் மட்டுமே வந்திருக்கேன். கை தானா இழுத்திருக்கு. நானும் இந்த ஊர்லயே பொறந்து, மலைய வலம் வந்து வளந்தவதான. நீங்க சொல்ற வரைக்கும் எனக்கே தெரியல."

சக்கரபாணியிடம் போய்ச் சொன்னபோது அவர் முதலில் சிரித்தார். பிறகு மைதானத்து நடுவே பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"அவர அங்க வெச்சது நான்மா."

நான்கு மணிக்கு விமல்ராஜின் வண்டி வந்தது. இறங்கியதும் சக்கரபாணி கேட்டார்.

"கரியன் எப்பிடி இருக்கான் விமலு?"

"அவனா? தை மாசமே ஒரு புரோக்கர்கிட்ட தள்ளிட்டேன் சார். எடப்பக்கம் ஒடிச்சா தலையத் தூக்கிக்கிட்டு முரண்டு பண்ணுவான். திமிருன்னு எம்மாம் அடிச்சோம் தெரியுமா? ரெண்டு கழி ஒடைஞ்சிது." அவர் மூவரையும் பார்த்தார். "ஏன் சார், எல்லாரும் பேயடிச்ச மாதிரி நிக்கறீங்க?"

மணிமொழி போய்ச் செம்பியை அவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

"சார், வண்டில ஏத்தறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் குடுங்க. எடப்பக்கம் சுத்த வெச்சிக் காட்டறேன்," என்றாள் மணிமொழி.

"எங்கம்மா செய்வ? இருசப்பன் இங்க எடம் சுத்த வெக்க மாட்டாரு. வெக்கச் சொல்லி எனக்கும் வாய் வராது."

"பக்கத்து மல்லாட்டக் கொல்லையில. புடுங்கிட்டுச் சும்மாதான் கெடக்கு. நடுவுல யாரும் இல்ல."

கடலை பிடுங்கிய அந்த நிலத்தில் இருசப்பன் கயிற்றோடு போய் நின்றார். நாலாபுறமும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். அண்ணாமலையில் கண் நின்றது.

"மலை?"

"அது வெளிய இருக்குண்ணா. நம்ம வட்டத்துக்குள்ள இல்ல."

முதல் சுற்றில் செம்பி இடப்பக்கம் போகவே இல்லை. உடம்பைத் திருப்பி இருசப்பனுக்கு நேராக வந்து நின்றது. மணிமொழி அதை மறுபடி வெளியே அனுப்பினாள். துள்ளு நடையில் ஒரு சுற்று வந்தது, கழுத்து வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது. மண் புழுதியாகப் பறந்தது. தாண்டும்போது கால் மாற்றட்டும் என்று வளைவில் ஒரு மூங்கில் கழியைத் தரையில் போட்டாள். அடுத்த முறை தாவியது, வலது காலையே போட்டுத் தடுமாறியது.

"போதும்மா," என்றார் சக்கரபாணி. "மறுபடி விழுந்துடப் போவுது."

"இன்னும் ஒரே ஒரு வாட்டி சார். அண்ணா, கயித்தக் கொஞ்சம் உள்ள எடுங்க. கழி கிட்ட வரும்போது நாக்கச் சொடுக்கி, தாவச் சொல்லிக் கேளுங்க."

இருசப்பன் நாக்கைச் சொடுக்கினார். கழியைத் தாண்டிய குதிரையின் இடது முன்னங்கால் முன்னால் நீண்டது. ஒரு தாவல், இரண்டு, மூன்று, நான்கு. பிறகு தானே பயந்துபோய்த் துள்ளு நடைக்கு இறங்கி நின்றுவிட்டது.

"இதுவா சார் நொண்டிக் குதிரை?" என்றார் விமல்ராஜ். "என்ன வெளையாடறீங்களா? டீசல் போட்டுக்கிட்டு வந்திருக்கேன்."

"நீ கெளம்பு விமலு," என்றார் சக்கரபாணி, குதிரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

இருசப்பன் கயிற்றைச் சுருட்டினார். செம்பி அருகே வந்து அவர் சட்டைப்பையை முகர்ந்தது.

"போட்டுச்சிம்மா," என்றார். "கேட்டதும் போட்டுச்சி. எட்டு மாசமா நான்தான் கேக்கவே இல்ல."