முத்திரை இல்லாத கத்தி

அந்த ஞாயிறு மதியம் சங்கக் கட்டடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். நூற்றெண்பது வருஷத்துக்கு முன்னே ரோமத்துக்காக பீவர் என்ற ஆற்று விலங்கைப் பிடித்த வேட்டைக்காரர்களைப்போல உடுத்தி, கோடையில் பத்து நாள் முகாம் போடுகிற சங்கம் அது. சங்கத் தலைவர் ஹார்லன். கத்தி செய்யும் எல்டன். அவன் தங்கை நோலா. சங்கச் செயலாளர் அவள்தான், குறிப்பேடு அவள் மடியில் இருந்தது. அவள் புருஷன் ராய்ஸ். டென்வரிலிருந்து ஒன்பது மணி நேரம் காரோட்டி வந்திருந்த பழம்பொருள் சேகரிப்பாளர் பிரூவர். அவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

மேஜைமேல் ஒரு கத்தி கிடந்தது.

"யாரு செஞ்சது?" என்றார் ஹார்லன்.

"நான்தான்," என்றான் எல்டன்.

எல்டன் அதை எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வான். போன இலையுதிர்காலத்தில், இடிந்த பண்ணைக் கொட்டகையில் கிடைத்ததென்று ராய்ஸ் ஒரு கசாப்புக் கத்தியின் அலகைக் கொண்டுவந்தான். பிடி மக்கிப் போயிருந்தது. துரு இருந்தாலும் இரும்பு நல்ல இரும்பு. எல்டன் துருவை மட்டும் எடுத்தான், கருமையை விட்டுவைத்தான். எல்க் மானின் கால் எலும்பை மூன்று வாரம் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டான். அவசரத்துக்குக் கொதிக்கவைத்தால் எலும்பு நொறுங்கும் பதமாகிவிடும். பிறகு இரண்டாக அறுத்து, வால்நட் தோல் சாற்றில் நிறமேற்றி, பழைய ஆணிகளை வெட்டி அடித்துப் பிடி போட்டான்.

"எழுத்து எங்கப்பா?" என்றார் ஹார்லன்.

கேள்வி அதுதான். பழைய அலகில் புதுப்பிடி போட்டால், செய்தவன் தன் பெயரெழுத்தையும் ஆண்டையும் எலும்பில் வெட்டியே ஆக வேண்டும். நாளைக்கு யாரும் அதை நூற்றெண்பது வருஷத்துப் பொருளென்று ஏமாந்துவிடக் கூடாது. அந்தச் சங்க விதிக்குக் கட்டுப்படாதவனுக்குக் கோடை முகாமில் கூடாரம் போட இடமில்லை. எல்டன் இருபத்திரண்டு கோடைகள் அங்கே கூடாரம் போட்டவன். வருஷத்தில் அந்தப் பத்து நாள் போக, மற்ற நாளெல்லாம் மர அறுவை ஆலையில் பலகை அடுக்குவான்.

"ராய்ஸ்தான் வேணாம்னான். தன் இடுப்புல கட்டிக்கறதுக்குன்னு சொன்னான். தங்கச்சி புருஷன். சரின்னு விட்டுட்டேன்."

ராய்ஸ் சிரித்தான். "மச்சான் நல்லா கதை சொல்லுவாரு. ஒத்தைக் குண்டுல கரடியச் சாய்ச்ச கதைய இன்னும் நாங்க நம்பிக்கிட்டுத்தானே இருக்கோம். என் கையில குடுக்கறப்போ என்ன சொன்னாரு தெரியுமா? ஆத்தங்கரையில கெடைச்சது, பீவர் வேட்டைக்காரங்க சாமான்னு சொன்னாரு. நம்பித்தான் பிரூவர் சாருக்கு வித்தேன்."

எல்டன் அவன் பக்கம் திரும்பினான்.

"மாப்ள. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

ராய்ஸ் கணப்படுப்பைப் பார்த்தான்.

பிரூவர் கோட்டுப் பையிலிருந்து சின்னப் புற ஊதா விளக்கை எடுத்து, எலும்புக்கும் இரும்புக்கும் நடுவே அடித்தார். கோடுபோல நீலம் மின்னியது. "இந்தக் காலத்துல கடையில விக்கற பசை," என்றார். "இந்த வேலைய ஒருத்தன் வேணும்னுதான் செஞ்சிருக்கான். எவன்னு இன்னிக்கே தெரியணும். இல்லேன்னா நாளைக்குக் காலையில நேரா ஷெரிஃப்கிட்டதான் போவேன்."

"நான் ஏமாத்தறவனா இருந்தா எதுக்கு அந்தப் பசையப் போடறேன்?" என்றான் எல்டன். "பைன் பிசினக் காய்ச்சி ஒட்டியிருக்க மாட்டேனா? எனக்குக் காய்ச்சத் தெரியாதா, ஹார்லன்?"

ஹார்லன் தாடியைத் தடவினார். அது உண்மை என்று அவருக்குத் தெரியும்.

"பிசின் காய்ச்சினா வீடு நாறும்னு சோம்பேறித்தனம்," என்றான் ராய்ஸ்.

எல்டன் தங்கையின் பக்கம் திரும்பினான். அந்த அலகு கைமாறியது அவள் வீட்டுச் சமையலறையில். அவள் பீன்ஸ் கிண்டிக்கொண்டிருந்தாள். எழுத்து வேண்டாம் என்று ராய்ஸ் சொன்னபோது, "எழுத்து எதுக்கு, இவர் எதையாவது தொலைக்காம வச்சிருந்தாத்தானே" என்று கேலி பண்ணியதும் அவள்தான்.

"நோலா, நீ சொல்லு."

அவள் பென்சிலை மூன்று விரலால் பிடித்திருந்தாள். உண்மையைச் சொன்னால் புருஷன் ஷெரிஃப் வண்டியில் ஏறுவான். சொல்லாவிட்டால் அண்ணன் முகாமை இழப்பான். கணக்கு கஷ்டமான கணக்கில்லை. அவள் அதைப் போட்டு முடிப்பதை எல்டன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நான் அங்க இல்லண்ணா," என்றாள்.

"பீன்ஸ் கிண்டிட்டு இருந்த."

"இல்லண்ணா. நான் இல்ல."

ராய்ஸ் பொய் சொன்னபோது எல்டனுக்குக் கோபம் வந்தது. இதற்குக் கோபம்கூட வரவில்லை.

"எழுத்து வெட்டாதது உன் தப்புதான், எல்டன்," என்றார் ஹார்லன். "அது ஒண்ணே போதும். பிரூவர் சார், நீங்க குடுத்த பணத்த சங்கம் திருப்பித் தந்துடும். விஷயம் இதோட முடியட்டும்." பிரூவர் யோசித்துத் தலையசைத்தார். "எல்டன், இந்தக் கோடைக்கு வராதே. அடுத்ததுக்கும் வேணாம். சங்கக் கட்டடச் சாவிய வச்சிட்டுப் போ."

நோலா அதையும் குறித்துக்கொண்டாள். அவள் கையெழுத்து எப்போதும்போல அழகாகவே இருந்தது.

எல்டன் வளையத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கத்தியின் பக்கத்தில் வைத்தான். தொப்பியை எடுத்தான். வெளியே பனி கணுக்கால் வரை கிடந்தது. அவன் படியில் இறங்கினான்.

"கதவச் சாத்தும்மா, குளிர் உள்ள வருது," என்றது ஹார்லனின் குரல்.

நோலா எழுந்து வரும் சத்தம் கேட்டது. அவன் திரும்பவில்லை. கதவு மூடியது. பிறகு உள்ளேயிருந்து சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.