தோளில் ஒரு தடம்

வண்ணம் காய்வதற்குள் செய்துவிட வேண்டிய வேலை என்பதால், அன்றைக்கும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ஓவியக்கூடத்துக்குள் போனேன். என் கணவர் ஆந்தெல்ம், ரோமத் தளபதியின் விதவைக்குக் கழுத்தை வரைந்து முடித்துவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்து முழுக்கத் தூரிகை போன தடங்கள், கத்தியால் வெண்ணெய் தடவிய ரொட்டி மாதிரி. நான் விசிறி போல விரிந்த மென்மயிர்த் தூரிகையை எடுத்தேன். வண்ணமே தொடாத, உலர்ந்த தூரிகை அது. ஈர வண்ணத்தின்மேல் பட்டதா படவில்லையா என்று தெரியாதபடி முதலில் குறுக்கே, பிறகு நெடுக்கே ஓட்ட வேண்டும். மூச்சைக்கூடக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும். பத்து நிமிஷத்தில் தடமெல்லாம் போய்க் கழுத்து பீங்கான் கிண்ணம் மாதிரி ஆகிவிடும். மனிதக் கை வரைந்தது என்றே தோன்றாது. அதுதான் ஆந்தெல்ம் வெர்ஜோவின் ஓவியம். இருபத்தேழு வருஷமாக அதுதான் என் வேலை. நான் தொடக்கூடாத இடம் ஒன்றே ஒன்றுதான், அவருடைய கையெழுத்து.

ஓவியத்தில் தூரிகைத் தடம் தெரிவது, பாவாடைக்குக் கீழே உள்பாவாடை தெரிவது மாதிரி என்று என் மாமனார் சொல்வார். அவரும் ஓவியர்தான். அவர் காலத்தில் எல்லாம் வாளும் முழங்காலும். தலைக்கவசம் போட்டுக்கொண்டு மற்றபடி துணியே இல்லாமல் நிற்கும் வீரர்கள். பிறகு புயலும் புகையும் கண்ணை உருட்டும் குதிரைகளுமாக ஒரு கூட்டம் வரைய வந்தது. மாமனார் காறித் துப்பினார். அதற்குப் பிறகு, சேறு பூசிய காலணியோடு குடியானவனை ராஜா அளவுக்குப் பெரிதாக வரைந்தார்கள். அதற்குத் துப்புகிற முறை என் கணவருடையதாயிற்று. இப்போது தகரக் குழலில் அடைத்த வண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய், ஒரு மணி நேரத்தில் ஒரு படத்தை முடித்துவிட்டுச் சாப்பிட வந்துவிடுகிறார்கள். ஆந்தெல்ம் இவர்களைப் பார்த்துத் துப்புவதில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. அவர் ஓவியங்களுக்கு வாசலில் வண்டி நின்ற காலம் போய், மூன்று தளபதிகளும் ஒரு சாக்ரடீசும் விலைபோகாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார்கள்.

எங்கள் கட்டடத்தில் மேல்தட்டு அறையில் ஸிதோனி என்று ஒரு பெண் குடியிருந்தாள். இருபத்தாறு வயது. கடிகாரக்காரர் மகள், கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆற்றங்கரைக் கூட்டத்தோடு வரைந்துகொண்டிருந்தவள். அந்தக் கூட்டத்துக்கு நடுவரும் கிடையாது, பதக்கமும் கிடையாது. சொந்தமாக இடம் பிடித்துச் சொந்தமாகக் கண்காட்சி வைப்பார்கள். மார்ச் மாதம் ஒருநாள் நான் நிலக்கரி வாளியோடு படியேறும்போது வழிமறித்தாள்.

"மதாம், உங்க விரல் நகத்துல எப்பப் பாத்தாலும் வண்ணம் இருக்கு. உங்க வீட்டுக்காரர் நகத்துல இல்ல."

"அவருக்கு நான்தான் தூரிகை கழுவுறேன்."

"கழுவுறவங்களுக்குக் கட்டை விரல்ல தூரிகை பிடிச்ச காய்ப்பு வராது." சிரித்தாள். "மே மாசக் கடைசியில எங்க கண்காட்சி. படிக்கட்டுப் பக்கத்துச் சுவர்ல ஒரு சின்ன இடம் காலியா இருக்கு. ஒரே ஒரு படம் குடுங்க. உங்க பேர்ல."

"எனக்கு என்னம்மா வரைய வரும்? நான் அழிக்கிறவ."

"அப்ப அழிக்காம ஒண்ணு குடுங்க."

வாளியை எப்படி மேலே கொண்டுபோனேன் என்று ஞாபகமில்லை. எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. என் பேர் எழுதியிருந்தது இரண்டே இடத்தில், ஞானஸ்நானப் பதிவிலும் கல்யாணப் பதிவிலும். மூன்றாவதாகக் கல்லறையில் எழுதுவார்கள். நடுவில் ஒரு சுவரில் எழுதலாம் என்று யாரோ சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுப்படியில் ஒளித்து வைத்து வரைய ஆரம்பித்தேன். பின்முற்றத்தில் சலவைக்காரிகள் கொப்பரையில் துணி வேகவைப்பார்கள். காலை வெயில் அந்த ஆவிக்குள் விழும்போது அவர்களுடைய கைகள் மட்டும் தெரியும், முகம் தெரியாது. அதைத்தான் வரைய நினைத்தேன். வண்ணத்தைத் தைரியமாகத்தான் அள்ளி வைத்தேன். ஆனால் வைத்த மறு நிமிஷம் என் கை, நான் சொல்லாமலேயே, அதை நீவிவிடும். கையைப் பிடித்து வைத்தால் விரல் நுனி போய் நீவும். மென்மயிர்த் தூரிகையை அலமாரியில் பூட்டினேன். கழுத்துத் துணியின் ஓரத்தால் நீவினேன். வரைகிற கித்தான் துணி மூன்று வீணாயிற்று. ஆவி கெட்டித் தயிர் மாதிரி இருந்தது, சலவைக்காரிகள் சலவைக்கல் மாதிரி இருந்தார்கள். ஸிதோனி வந்து ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சொல்லும்மா, பரவாயில்ல."

"உரிச்ச முட்டை மாதிரி இருக்கு மதாம்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் போன பிறகு பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே என் கையைப் பார்த்தேன். வீட்டுக்குள் அடைத்து வைத்தால் ஜன்னலைத் திறக்கலாம். கைக்குள்ளேயே அடைத்து வைத்தால் எதைத் திறப்பது?

அரசாங்கத்தின் பெரிய கண்காட்சிக்கு ஓவியம் கொடுக்க வேண்டிய கடைசி நாள் வந்தது. வண்டி நாலு மணிக்கு வரும். விதவையின் இடது தோள் மட்டும் பாக்கி. ஆந்தெல்முக்கு மணிக்கட்டில் வாதம், குளிர் மாதத்தில் தூரிகை நிற்காது. இது வெளியே யாருக்கும் தெரியாது.

"லெயோ, தோளை நீயே போட்டுடு. கழுத்து வண்ணம்தான். நான் சாப்பிட்டுட்டு வண்டியோடவே வந்துடுறேன்."

"நானா?"

"ஒரு தோள்தானே. தோள்ல என்ன இருக்கு."

பலகையில் வண்ணத்தைக் குழைத்தேன். வெள்ளை, கொஞ்சம் காவி, நிழலுக்குப் பச்சை கலந்த சாம்பல். தோள்ல என்ன இருக்கு என்று அவர் சொன்னது காதிலேயே நின்றது. எதிரிப்படை எங்கள் நகரத்தை முற்றுகையிட்டபோது கோட்டை மதிலில் என் தம்பி செத்துப்போன சேதி வந்த அன்று, அம்மாவின் தோள் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அழவில்லை அவள். தோள் மட்டும் ஒரு பக்கமாக, யாரோ பின்னாலிருந்து தட்டுவார்கள் என்று காத்திருப்பது மாதிரி, உயர்ந்து நின்றது. அகலத் தூரிகையில் வண்ணத்தை அள்ளி, கழுத்தடியிலிருந்து கைவரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தேன். மயிர் போன தடம் தடமாக, ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து, கீழே இருந்த பழுப்பு நிறம் நடுவில் எட்டிப் பார்க்க, அந்தத் தோள் அங்கே இருந்தது. மென்மயிர்த் தூரிகையை எடுத்தேன். கை நீண்டது. தோளுக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. திரும்பக் கீழே வைத்தேன். என் கை எனக்குக் கீழ்ப்படிந்தது அதுவே முதல் தடவை.

வண்டிக்காரன் மாடிப்படியில் கத்திக்கொண்டே ஏறி வந்தான். பின்னால் ஆந்தெல்ம் மூச்சு வாங்க வந்தார். வெளிச்சம் மங்கியிருந்தது. "ஈரம், ஈரம், துணி ஒட்டாம மூடுப்பா" என்பதைத் தவிர அவர் எதையும் பார்க்கவில்லை. ஓவியம் போய்விட்டது.

அடுத்த மூன்று வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நடுவர்கள் தள்ளிவிட்டால் பின்பக்கக் கட்டையில் சிவப்பு முத்திரை குத்தித்தான் திருப்பி அனுப்புவார்கள். அந்த முத்திரையைப் பார்த்தால் வாங்கியவன்கூடத் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிடுவான். ஒரு மனிதரின் முப்பது வருஷத்தை ஒரு தோளால் கெடுத்துவிட்டேனே என்று தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றினேன். அதே சமயம் அடுப்படியில் நாலாவது கித்தானில் சலவைக்காரிகள் வந்துகொண்டிருந்தார்கள். ஆவி ஆவியாகவே வந்தது. கை திறந்துகொண்டுவிட்டது. பயமும் சந்தோஷமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டன என்றுதான் சொல்ல வேண்டும்.

தள்ளவில்லை. மூன்றாவது வரிசையில், ஒரு பிஷப்புக்கும் ஒரு பசுமாட்டுக்கும் நடுவில் மாட்டியிருந்தார்கள். நாங்கள் போனது, திறப்புக்கு முதல்நாள் ஓவியர்களெல்லாம் ஏணி போட்டு ஏறி, கடைசியாக வார்னிஷ் பூசுகிற நாள். நகரமே வேடிக்கை பார்க்க வந்துவிடும். ஆந்தெல்ம் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். அப்போதுதான் பார்த்தார். அவர் காது சிவந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள், பத்திரிகையில் எழுதுகிற தாடிக்காரர் ஒருவர் கைத்தடியை உயர்த்தினார். போன வருஷம் இவருடைய தளபதியை 'சோப்புக்கட்டி' என்று எழுதிய அதே ஆள்.

"வெர்ஜோ, அந்தத் தோள்! முப்பது வருஷமா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க இதை?"

நாலு பேர் திரும்பினார்கள். பிறகு பத்துப் பேர். மற்றதெல்லாம் மாவுப் பொம்மை, தோள் மட்டும் உயிர் என்று யாரோ சொன்னார்கள். கிழவருக்குக் கடைசியில் கண் திறந்துவிட்டது என்று இன்னொருவர். ஆந்தெல்ம் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். பிறகு தாடிக்காரர் பக்கம் திரும்பித் தலையைத் தாழ்த்தி, "வயசானா தைரியம் வருது, மெஸ்யே" என்றார்.

வீட்டுக்கு வந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"ஏன் நீவல?"

"நல்லா இருந்துது."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"இன்னொரு தடவை வருமா உனக்கு?" என்றார், கடைக்காரரிடம் கேட்பது மாதிரி.

மே மாதம் பாதி போவதற்குள் மூன்று பேர் ஓவியம் கேட்டு வந்துவிட்டார்கள். மூன்று பேருக்கும் தோள் வேண்டும். ஆந்தெல்ம் மற்ற எல்லாவற்றையும் வரைந்து, பழையபடி நான் நீவிக் கொடுத்து, தோள் இருக்க வேண்டிய இடத்தை மட்டும் வெறும் கித்தானாக விட்டு வைத்தார். ஓவியக்கூடத்தில் மூன்று ரோமாபுரிப் பெண்கள் தோளில்லாமல் நின்றார்கள். காலையில் கதவைத் திறந்தால் மூன்று ஓட்டைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு வயசாகிவிட்ட இன்றைக்கு, மூக்கைக் காதுப் பக்கத்தில் வரைகிறார்கள், முகத்தை உடைந்த கண்ணாடி மாதிரி வரைகிறார்கள், யாரும் பெரிதாக அதிர்ச்சி அடைவதில்லை. எனக்கும் அதிர்ச்சி இல்லை. அந்த மூன்று பெண்களோடு ஒரே அறையில் இருந்தவள் நான்.

சலவைக்காரிகள் படம் முடிந்திருந்தது. ஸிதோனியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஜன்னல் பக்கம் தூக்கிப் போய்ப் பார்த்தாள். முட்டை இல்லை என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. ஆனால் அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது.

"மதாம், உண்மையைச் சொல்லட்டுமா? அந்தத் தோளை ஊரே பாத்துடுச்சு. இது அதே கை. குழந்தைகூடக் கண்டுபிடிச்சுடும்."

"என் கைதானே."

"உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பாக்கறவங்க என்ன சொல்வாங்க? வெர்ஜோ பொண்டாட்டி புருஷனைப் பாத்து வரைஞ்சிருக்கான்னு சொல்வாங்க."

ஆந்தெல்ம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒளித்து வைத்ததற்குக் கோபப்படவில்லை. கிட்ட வந்து படத்தைக் குனிந்து பார்த்தார். உண்மையாகவே பார்த்தார், அதை நான் சொல்லியாக வேண்டும்.

"நல்லா இருக்கு லெயோ. மாட்டு, தாராளமா மாட்டு. என்கிட்ட கத்துக்கிட்டேன்னு ரெண்டு வரி எழுதுவாங்க, அவ்வளவுதானே? அதுல நமக்கு என்ன குறைஞ்சு போகும்?"

"அந்தத் தோள் யார் போட்டதுன்னு நீங்க சொல்லலாமே."

அவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். "சொன்னா, அப்புறம் மத்த கழுத்தெல்லாம் யார் நீவினதுன்னு கேப்பாங்க. அப்புறம் நான் யாருன்னு கேப்பாங்க. எனக்கு அறுபத்தொண்ணு ஆகுது." "ராத்திரிக்கு என்ன சூப்பு?" என்று கேட்டுக்கொண்டே ஓவியக்கூடத்துக்குள் போய்விட்டார்.

அவர்மேல் கோபம் வந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். வரவில்லை. படத்தை அடுப்படியிலேயே வைத்துக்கொண்டால் என் கை அவருடையது. சுவரில் மாட்டினாலும் என் கை அவருடையது.

கண்காட்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஸிதோனி காலையிலேயே வந்தாள். பட்டியல் அச்சுக்குப் போக வேண்டுமாம், பேர் வேண்டும்.

"மதாம் வெர்ஜோன்னு போடட்டுமா?"

"வேண்டாம்."

"அப்ப உங்க அப்பா பேரு?"

"அவரும் வரையல. லெயோகாதின்னு போடு."

"வெறும் லெயோகாதியா? சமையக்காரி பேரு மாதிரி இருக்கும் மதாம்."

"இருந்துட்டுப் போகட்டும். சமையலும் நான்தானே பண்றேன்."

அவள் சிரித்துவிட்டுப் படத்தைத் தூக்கினாள். முந்தின நாள்தான் ஒரு சலவைக்காரியின் கையைத் திருத்தியிருந்தேன், வண்ணம் இன்னும் ஈரம். மூடினால் ஒட்டும், உடம்போடு சேர்த்துப் பிடித்தால் உடையில் தீற்றும். அதனால் படத்தின் முதுகைத் தன் வயிற்றில் சாய்த்து, முகத்தைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு இறங்கினாள். நான் ஜன்னலுக்கு ஓடினேன்.

"லெயோ, வண்ணம் குழைச்சு வச்சுட்டேன், காயுது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வரேன்."

மேலேயிருந்து பார்த்தால் ஸிதோனியின் முதுகும் தொப்பியும் மட்டும்தான் தெரிந்தன. படம் எனக்குத் தெரியவில்லை. எதிரே ரொட்டிக்கூடையோடு வந்த பெண் நடையை நிறுத்தினாள். மீசைக்காரர் ஒருவர் கடந்து போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார். தண்ணீர்க் குழாயடியில் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருக்க, அதை வைத்தவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள், பிறகு மெதுவாகத் தன் இரண்டு கைகளையும் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.